நாகமலை அடிவாரத்தில் குலவை

பிப். 6, வெள்ளி

காலையில் பனி, பத்து மணிக்கே சுள்ளென்று வெயில். லேபில் கூட்டம். ரத்தம் எடுத்து எடுத்துக் கை கடுப்பு.

சாயங்காலம் அண்ணன் உசிலம்பட்டியிலிருந்து வந்தார். திங்கட்கிழமை அவர் மகளுக்குக் காதுகுத்து. பத்திரிகை வைத்தார், காபி குடித்தார், வாசல் வரை போனார், திரும்பி வந்தார். "கோயில்ல கொஞ்சம் பின்னால நின்னுக்க செல்வி. பெரியவுக சொல்றாக. ஒனக்கே தெரியும்ல."

தெரியும். என் வீட்டுக்காரர் போய் இரண்டு வருடம். அதற்கு முன்னால் எங்கள் ஊரில் எந்த நல்லது என்றாலும் "செல்வியக் கூப்புடு, அவ குலவை போட்டாத்தான் எடுபடும்" என்பார்கள். இப்போது முளைப்பாரிக்குக்கூட யாரும் கூப்பிடுவதில்லை.

"அப்ப குலவைக்கு ஆளு?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் மைக்செட்டுக்காரன் செல்லுல வச்சிருக்கான்."

அத்தைக்காரி குத்துக்கல்லாட்டம் இருக்கிறேன், ஸ்பீக்கர் குலவை போடுமாம்! வயிறு எரிகிறது.

நாளைக்கு: தொப்பி (நஸ்ரின் தருவாள்), துண்டு, கொசு மருந்து, புளிச்சோறு.

லேபில் கூட வேலை பார்க்கும் நஸ்ரின்தான் டிக்கெட் போட்டாள். நாகமலை அடிவாரத்தில் இரண்டு நாள் பாட்டுத் திருவிழா. சினிமாப் பாட்டு கிடையாது. பிள்ளைகள் தாங்களே கட்டிய பாட்டு. "வரலைன்னா ஒங்ககூடப் பேச மாட்டேன்க்கா." வருகிறேன் தாயே.

பிப். 7, சனி

புழுதி. மூக்கு, முந்தானை, புருவம், எல்லாம் புழுதி.

வாசலில் செக்கிங். வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதி இல்லையாம். கொட்டச் சொன்னான். புளிச்சோற்றையா? அங்கேயே நின்று நானும் ந.வும் தின்று தீர்த்தோம். செக்கிங் தம்பிக்கும் ஒரு கை. "உப்புக் கொஞ்சம் கம்மிக்கா" என்கிறான், எமகாதகன்.

கழிப்பறை அந்தக் கோடியில். வரிசை இந்தக் கோடி வரை. முதல் கோஷ்டி ஒரு மணி நேரம் "செக், செக்" என்றே சொல்லிக்கொண்டிருந்தது. அதற்கும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

மொத்தக் கூட்டத்தில் சேலை நான் ஒருத்திதான். பக்கத்தில் ஒரு பையன், "ஆன்ட்டி, ஒங்க மகன் பாடுறாரா?"

"இல்லப்பா. நான் கேக்க வந்துருக்கேன்."

முழித்தான். முழிக்கட்டும்.

வெயில் தாழ்ந்ததும் கிராப் வெட்டிய ஒரு பெண் கிடாரோடு வந்தாள். நடவு நடுகிறவர்களைப் பற்றிய பாட்டு. என் அம்மா அடுத்தவர் வயலில் குனிந்தே தேய்ந்தவள், அதனால் சும்மா கேட்க முடியவில்லை. பாதியில் நிறுத்தி அந்தப் பெண் மைக்கில் கேட்டாள்: "இங்க ஒரு குலவை வேணும். யாருக்காச்சும் போடத் தெரியுமா?"

கூட்டம் "ஊ ஊ" என்றது. நாய் ஊளை.

"யக்கா, நீங்க போடுவீங்கள்ல?" ந. தோளைப் பிடித்து உலுக்கினாள். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். குலவை வந்துவிட்டது.

இரண்டு வருடத்துக் குலவை. மலையில் பட்டுத் திரும்பி வந்தது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெண் சிரித்துவிட்டுப் பாட ஆரம்பித்தாள். ஒற்றைக் குலவையோடு விடுவார்களா? மூன்று போட வேண்டாமா? அவள் பாட்டுக்கு மேலேயே இரண்டாவது போட்டேன். டிரம்ஸ்காரன் கையை நிறுத்தினான். மூன்றாவதையும் போட்டு முடித்த பிறகுதான் அவர்கள் மறுபடி தொடங்கினார்கள்.

கைதட்டலில் அடிவாரமே அதிர்ந்தது. பஸ்ஸில் வரும்போது அழுதேன். சந்தோஷம்தான். கோபமும்.

பிப். 8, ஞாயிறு

வெயில். மண்டையிடி.

எவனோ வீடியோ எடுத்துப் போட்டிருக்கிறான். விடிவதற்குள் சொந்தக்காரர்கள் குரூப்பில். சித்தி மகன் அதற்குச் சிரிப்புப் பொம்மை போட்டிருக்கிறான், மூதேவி.

எட்டு மணிக்கு அண்ணன் போன். "மானத்த வாங்குறியா? புருசன் செத்து ரெண்டு வருசத்துல ஆட்டம் பாட்டம் கேக்குதோ?"

"செத்தது அவருண்ணே. நான் இருக்கேன்."

"நாளைக்கு நீ கோயிலுக்கு வரவே வேணாம்."

"பத்திரிகை வச்சீகல்ல? வாரேன்."

வைத்துவிட்டார். என் வீட்டுக்காரர் போட்டோவைப் பார்த்து, "நீங்களாவது சொல்லுங்களேன்" என்றேன். என்ன சொல்வார் பாவம்.

இரண்டாம் நாளும் போனேன். போகாமல் இருந்தால் பயந்த மாதிரி ஆகிவிடும். நேற்று மாதிரி இல்லை. பெரிய கோஷ்டி வரவில்லை, ஜெனரேட்டர் இரண்டு தடவை படுத்தது, ஐஸ் இல்லாத ஜூஸ். ந.வுக்குச் செருப்பு அறுந்தது, வெறுங்காலோடு ஆடினாள். நானும் ஆடினேன். நன்றாகவெல்லாம் ஆடவில்லை.

பிப். 9, திங்கள்

லீவு. முதல் பஸ். பனிமூட்டம். அரக்குச் சேலை.

கோயிலில் யாரும் வா என்று சொல்லவில்லை. அண்ணி மட்டும் கண்ணாலேயே வா என்றாள். தூணுக்குப் பின்னால் என்னைப் போல மூன்று பேர்: பெரியம்மா, ஒன்றுவிட்ட மதினி, போன வருடம் தாலி கழற்றிய மேலத்தெருப் பிள்ளை. மதினி எனக்கு இடம் விட்டு நகர்ந்தாள். நிற்காமல் நேரே முன்னால் போனேன்.

சித்தி முழங்கையைப் பிடித்தாள். "ஏண்டி, ஒனக்கு எங்க நிக்கிறதுன்னு தெரியாதா?"

"அத்தக்காரி இங்கதான் சித்தி நிக்கணும்."

ஆசாரி ஊசியை எடுத்தார். பாப்பா வீறிட்டாள். ஸ்பீக்கர் கொரகொரவென்று இழுத்து, குலவைக்குப் பதிலாக ஏதோ விளம்பரம் பாடியது. அண்ணன் மைக்செட்டுக்காரனைப் பார்த்துக் கத்தினார்.

நான் வாயைத் திறந்தேன். முதல் குலவை.

"நிறுத்துடி!" சித்தி என் வாயைப் பொத்த வந்தாள். கையைத் தட்டிவிட்டேன். இரண்டாவதற்கு மூச்சு இழுக்கிறேன், அதற்குள் இன்னொரு குலவை கேட்டது. என்னுடையது இல்லை. தூணுக்குப் பின்னாலிருந்து. பிறகு மூன்று பேரும்.

எந்தப் பக்கம் அதட்டுவது என்று தெரியாமல் சித்தி நடுவில் நின்றாள்.