உன்னை உள்ளே விடாத இரும்பு

இன்று காலை மகளின் படுக்கையை உதறியபோது தலையணைக்கடியிலிருந்து அரை பிஸ்கெட் விழுந்தது. அங்கே இருக்க வேண்டிய பாக்குவெட்டியைக் காணோம். தேடினால், சமையலறையில் அரிசி டப்பாவுக்குப் பின்னால் கிடந்தது.

"யாருடீ எடுத்தது?"

"நான்தான். இரும்பு வெச்சா பெரிம்மா எப்டி உள்ள வரும்? வந்தா துன்றதுக்கு பிஸ்கெட்டு."

பெரிம்மா என்றால் என் தோழி நீ. நான்கு வயதுக்காரி, தன் பிஸ்கெட்டில் எனக்கு ஒரு விள்ளல் தந்ததில்லை. நீ போய் நான்கு மாதமாகிறது, உனக்குப் பாதி எடுத்து வைக்கிறாள். வயிறெரிந்தது. செத்தவள் மேல் பொறாமையா என்று கூசினேன், எரிச்சல் அடங்கவில்லை.

எல்லாம் உன் ஜப்பான் படக்கதைகள் செய்த வேலை. நாம் திருப்பதியில் படித்தபோது, புத்தூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அவற்றை வலமிருந்து இடமாகப் புரட்டுவாய். குளக்கரையிலும் பாலத்தடியிலும் யார் கண்ணுக்கும் தெரியாமல் இருக்கும் ஆவிகள். அவற்றோடு பொறுமையாகப் பேசும் ஒரு பெண். எனக்குப் பேய் என்றாலே உதறல்.

"கடிக்காதுடீ," என்பாய். "தனியா கெடக்கற பேயை யார்னா 'துன்னியா'ன்னு கேக்கறாங்களா? அதக் கேட்டா போதும், அது பாட்டுக்குப் போய்க்கினே இருக்கும்."

அப்போதே பொறாமைதான். பக்கத்தில் நான் இருக்க, காகிதப் பேய்களுக்காக நீ கண்கலங்குவாய்.

பிறகு உனக்கு ரேணிகுண்டாவில் வேலை, எனக்குக் கல்யாணம், குழந்தை. ஞாயிறுதோறும் வந்து அவளை மடியில் வைத்து அதே கதைகளைச் சொன்னாய். ஜப்பான் பேய்களெல்லாம் உன் வாயில் நம்மூர் நகரிப் பக்கத்துத் தமிழ் பேசின. காய்ச்சலுக்குக் கண்விழித்ததும், ஊசிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியதும் நான்; இருட்டில் பயந்தால் அவள் கேட்டது உன்னை. இப்போது நான் அந்தப் புத்தகத்தை எடுத்தாலும், "பெரிம்மா அப்டி சொல்லாது," என்று பிடுங்கிக்கொள்கிறாள்.

பாக்குவெட்டியை வைக்கச் சொன்னது மாமியார். "சின்ன வயசுல போனவ, ஆசை வெச்ச எடத்தையே சுத்திக்கினு இருப்பா. புள்ள தலமாட்டுல இரும்பு வைமா." குழந்தை பயப்படக்கூடாது என்று வைத்ததாக வீட்டுக்காரரிடம் சொன்னேன். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? நீ வந்தால் அவளிடம்தான் வருவாய், என்னிடம் வரமாட்டாய் என்று தோன்றியது. அதற்காக வைத்தேன்.

உயிரோடு இருந்தபோதும் இதைத்தான் செய்தேன். கடைசியாக நீ வந்த ஞாயிறு, "அவ தூங்கறா" என்று வாசலோடு அனுப்பிவிட்டேன். அவள் உள்ளே விளையாடிக்கொண்டிருந்தாள். உனக்கு அவள் சிரிப்பு கேட்டிருக்கும். "சரிடீ, தூங்கட்டும்" என்று திரும்பினாய். சாப்பிட்டாயா என்றுகூட நான் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு நீ ஆஸ்பத்திரியில். அதற்கடுத்த ஞாயிறு இல்லை.

மத்தியானம் அவள் தூங்கியதும் இரும்பை மறுபடி வைக்கத்தான் போனேன். கை போகவில்லை. மாமியாரின் வெற்றிலைத் தட்டிலேயே அதைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டேன். கேட்டால் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

பொறாமை தீர்ந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். அது என்னோடு இருக்கும். நீ வா, அவளிடமே போ. கதை சொல்லி முடித்ததும், திரும்புவதற்கு முன், என்னையும் ஒரு தடவை எழுப்பு.