நல்லது மூன்று எழுதும் நோட்டு

டீச்சர்,

பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் நோட்டுகள் மேசைமேல் கிடக்கின்றன. அன்றன்று நடந்த நல்லது மூன்றை எழுதச் சொல்லி நீங்கள் தொடங்கிவைத்தவை. நீங்கள் போன பிறகு உங்கள் மனநல வகுப்பை என் தலையில் கட்டினார்கள். கணக்கு டீச்சருக்கு இது எதற்கு என்ற எரிச்சலில், படிக்காமலே டிக் போட்டு வந்தேன். இன்றுதான் ஒருத்தியின் நோட்டை உட்கார்ந்து படித்தேன். இரண்டு வாரமாக ஒரே மூன்று வரி: சாப்பாடு நன்றாக இருந்தது, தோழி சிரித்தாள், பஸ்ஸில் இடம் கிடைத்தது. பள்ளி இல்லாத ஞாயிற்றுக்கிழமையும் பஸ்ஸில் இடம் கிடைத்திருக்கிறது.

பரீட்சை வந்தால், பிள்ளைகளுக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுக்கும் உங்கள் பாடவேளையைப் பிடுங்கிக்கொள்வேன். "மூச்சு விட எல்லாப் பிள்ளைக்கும் தெரியும் டீச்சர், கணக்குதான் தெரியல" என்று கேலி வேறு. நீங்கள் கோபப்படவில்லை. "மூச்சு எவ வீட்டையும் மாத்தாது டீச்சர். பிள்ளை வாயத் திறக்குற வரைக்கும் அவள உக்கார வைக்கும், அம்புட்டுதான். மிச்சம் நம்ம பாடு" என்றீர்கள். அந்த மிச்சத்துக்காக எத்தனை வீடு ஏறி இறங்கினீர்கள். அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு வீட்டில் உள்ளே கூப்பிடாமலே திருப்பி அனுப்பினார்கள், மறுவாரமும் போனீர்கள்.

கடைசி வருஷம் மெலிந்துகொண்டே வந்தீர்கள். ஒரு தடவை கேட்டேன். "நல்லாத்தான் இருக்கேன் டீச்சர்" என்றீர்கள். பிள்ளைகளுக்கே மனத்தைரியம் சொல்லிக்கொடுப்பவருக்கு என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. பெல் அடித்தது, வகுப்புக்குப் போய்விட்டேன். உங்களைக் கிடத்தியிருந்த அன்றுதான் நோயின் பெயரே எனக்குத் தெரிந்தது.

இன்று மாலை அந்தப் பெண்ணை நிறுத்தி, "எப்படிளா இருக்க?" என்று கேட்டேன்.

"நல்லாருக்கேன் டீச்சர்."

கடைசி பெல் அடித்தும் நான் எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் உட்காரவைத்து மறுபடி கேட்டேன். நகத்தைக் கிள்ளிக்கொண்டே சொன்னாள். "வெள்ளிக்கிழம பொண்ணு பாக்க வாராவ டீச்சர். பரீட்சைக்கு அனுப்ப மாட்டாவளாம்."

பதினேழு வயதுதான் ஆகிறது அவளுக்கு.

நாளைக் காலை அவள் வீட்டுக்குப் போகிறேன். எனக்குப் பேச்சு வராது, உங்களுக்குத் தெரியும். அவள் அப்பா எடுத்தெறிந்து பேசினால் அங்கேயே அழுதுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. எனக்குத் தைரியம் வந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள் டீச்சர். உங்களிடம் ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டு நகர்ந்தது இன்னும் உறுத்துகிறது. அதனால்தான் போகிறேன்.