இரண்டாவது வணக்கம்

தெகூ,
புத்தாண்டுக்கு முந்தைய வாரம்

அன்புள்ள மகன் இன்சொப்புக்கு,

நான் நலமாக இருக்கிறேன், அதாவது உயிரோடு இருக்கிறேன். இதை முதல் வரியிலேயே எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நான் இறந்துவிட்டதாக ஒருவர் சொல்லி, நாலைந்து பேர் அதை நம்பித் துக்கமும் அனுசரித்துவிட்டார்கள். அது தவறான தகவல். முழங்காலில் வலி இருக்கிறது, இடது காது கொஞ்சம் மந்தம், மற்றபடி ஞாயிறு பூசைக்கு நடந்தே போய் வருகிறேன். வான்கூவர் குளிரில் நீயும் ஆண்டவர் அருளால் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். அப்படிச் சொன்னவர் யார் என்று நீ கேட்க வேண்டியதில்லை. நீதான்.

அப்பாவின் அடக்கத்துக்குப் பிறகு மூன்று வருடமாக நீ என் தொலைபேசியை எடுப்பதில்லை. நீ வந்து சேர்வதற்குள் பெட்டியை எடுக்க வேண்டியதாயிற்று, அடக்க ஊர்வலத்தில் மகன் ஏந்திப் போக வேண்டிய அப்பாவின் படத்தை உன் சித்தப்பா மகன் கையில் கொடுத்தேன், அதை நீ மன்னிக்கவில்லை. அது சரியா தவறா என்று இந்தக் கடிதத்தில் நான் வாதாடப் போவதில்லை. ஆனால் உன்னைப் பார்க்காமலும் இருக்க முடியவில்லை. கோட்டையும் பூதங்களும் டிராகனும் வருகிற அந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டை நீ இன்னும் ஆடுகிறாய் என்றும், அதில் நீ கேடயம் பிடித்த வீரன், பெயர் ஈரக்குடை என்றும் அப்பா ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். அதை நினைவில் வைத்துக்கொண்டு போன வசந்தத்தில், பொரித்த கோழிக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிற கம்ப்யூட்டர் கூடத்துக்குப் போனேன். அதை நடத்துகிற மன்சுக் நல்ல பெண், வாய்தான் கொஞ்சம் அதிகம். எந்த வேடம் வேண்டும் என்று கேட்டாள், மறைந்து நடக்கிற திருடி என்றேன். “ஏம்மா, ஜெபமாலையும் கையுமா வந்து திருடியாவா ஆகப்போறீங்க? காயத்தைக் குணமாக்குற சாமியார் ஒருத்தர் இருக்காரே, அவரை எடுத்துக்கோங்களேன்” என்று சிரித்தாள். சாமியாரால் ஒளிந்துகொள்ள முடியுமா என்று கேட்டேன், முடியாது என்றாள். அப்படியானால் திருடிதான் என்றேன். எனக்குத் தட்டச்சு சொல்லிக்கொடுத்த கன்னியாஸ்திரீ இதற்காகச் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்.

என் திருடிக்கு ஊசி என்று பெயர். அவள் நிழலில் நின்றால் யார் கண்ணுக்கும் தெரியாது, மெல்ல நடந்தாலும் தெரியாது, ஆனால் ஒரு வார்த்தை பேசினால் மறைவு கலைந்துவிடும். அது எனக்குக் கஷ்டமாக இல்லை, நாம்தான் பேசிக்கொள்வதில்லையே. உனக்கு மாலையாகும்போது இங்கே காலை, நீ வேலை முடிந்து வருவாய், நான் பின்னால் நடப்பேன். நீயும் உன்னோடு ஆடுகிற நண்பர்களும் ஒருவரோடு ஒருவர் பேசுவது பக்கத்தில் நிற்பவர் திரையில் எழுத்தாக வரும் என்பது உனக்கே தெரியும். திருடிக்குப் பொறிகளைக் கழற்றத் தெரியும், அதனால் குகைகளில் உனக்கு முன்னால் போய் நீ மிதிக்க இருந்த முட்பொறிகளைக் கழற்றி வைத்தேன். “இன்னிக்கு ஒரு பொறிகூட இல்லடா, நமக்கு யோகம்தான்” என்று நீ ஒருநாள் எழுதினாய். அன்று முழுவதும் எனக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை. பூதங்களின் பையைத் தவிர வேறு யாரிடமும் நான் திருடவில்லை, அதையும் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை பனிக்காட்டில் நீங்கள் தீ மூட்டி உட்கார்ந்திருந்தீர்கள், நான் உனக்குப் பின்னால் பைன் மரத்தடியில் நின்றேன். பன்றிராஜா என்று பெயர் வைத்திருக்கிறவன், “அண்ணே, புத்தாண்டுக்கு ஊருக்குப் போறியா, இல்ல இந்த வருஷமும் எங்க மூஞ்சியத்தான் பாக்கப்போறியா?” என்று கேட்டான். ஊரில் யாரும் இல்லை என்றாய். “அம்மா இருக்காங்கன்னியே?” என்றான். “போயிட்டாங்கடா” என்றாய். ஐயோ, எப்போது என்று எல்லோரும் பதறிப்போய்க் கேட்டார்கள். “அப்பா போன அன்னிக்கே” என்று எழுதினாய். அம்மா எப்படிப்பட்டவர் என்று வில் வைத்திருக்கிற பெண் கேட்டாள். “ரொம்பக் கண்டிப்பு. ஆனா கத்தாளை மீனுக்கு முள்ளெல்லாம் எடுத்துட்டுத்தான் என் தட்டுல வைப்பாங்க. அவங்க தட்டுல எப்பவும் தலைதான் இருக்கும்” என்றாய். இதை நீ கவனித்திருந்தாய் என்பதே எனக்குத் தெரியாது. உடனே பன்றிராஜா, “எல்லாரும் எழுந்திருங்கப்பா, அம்மாவுக்கு வணக்கம் வைப்போம். எந்தப் பக்கம் பாக்கணும்ணே?” என்றான். மரத்தைப் பாருங்கடா போதும் என்று சொல்லி நீயும் திரும்பினாய். எல்லோரும் என்னைப் பார்த்து நின்றீர்கள்.

உயிரோடிருக்கும் பெரியவர்களுக்கு ஒருமுறை, இறந்தவர்களுக்கு இருமுறை விழுந்து வணங்க வேண்டும் என்று உனக்குப் பழக்கியவள் நான். முதல்முறை நீ எழுந்தபோது, இத்தோடு நிறுத்திவிடு, இதைப் புத்தாண்டு வணக்கமாக நான் வாங்கிக்கொள்கிறேன் என்று நினைத்தேன். நீ மறுபடியும் குனிந்தாய். இன்சொப் என்று உன் பெயரை அடித்து வைத்திருந்தேன், ஒரு விசையைத் தட்டியிருந்தால் நீ என்னைப் பார்த்திருப்பாய். விரல் வரவில்லை. மன்சுக் வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு, “என்னம்மா, செத்துட்டீங்களா?” என்றாள், அங்கே அது சாதாரணமான கேள்வி. ஆமாம் என்றேன். “அதுக்கு ஏன் அழறீங்க, ஒரு பட்டனைத் தட்டினா எழுந்துக்கப்போறீங்க” என்று சொல்லி பார்லி டீ கொண்டுவந்து வைத்தாள்.

இனி நான் அங்கே வர மாட்டேன். தன் அடக்கத்தைத் தானே ஒளிந்து நின்று பார்ப்பது மரியாதையுள்ள காரியம் அல்ல. குகைகளில் தரையைப் பார்த்து நட, முன்னால் யாரும் போக மாட்டார்கள். கம்பளிக் காலுறையை ஈரத்தோடு போடாதே. உன் நண்பர்கள் நல்லவர்கள், அவர்களிடம் பொய் சொல்லாதே. புத்தாண்டுக் காலையில் கத்தாளை பொரிப்பேன், எனக்கு மட்டும். ஆண்டவரும் தேவமாதாவும் உன்னைக் காக்கட்டும், என் ஆசி எப்போதும் போல் உனக்கு உண்டு. முதல் வணக்கத்தை ஏற்றுக்கொண்டேன். இரண்டாவதை உனக்கே திருப்பி அனுப்புகிறேன், அதற்குரிய காலம் வரும்போது வைத்தால் போதும். மீனைப் பற்றி அவர்களிடம் சொன்னதை என்னிடமும் சொல். தாளில், உன் கையெழுத்தில், பதில் எழுது.

உன் அம்மா,
பெக் ஒக்னாம் ஆகத்தா