கடலுக்குக் கீழே ஒரு கட்டில்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் அங்கே அப்படியே இருக்க வேண்டும் என்று காலையில் கும்பிடும்போது உங்களை ஒவ்வொருவராக நினைத்துக்கொண்டுதான் எழுந்திருக்கிறேன்.

போன வாரம் நாம் பேசிக்கொண்டிருந்தபோது பாதியில் லைன் போய்விட்டது. நான் மாடியைப் பற்றிக் கேட்ட இடத்தில்தான் போனது. அதனால் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். வீட்டில் இருப்பது ஒரே போன், அதுவும் உன் அத்தானின் சட்டைப் பையில். யார் கூப்பிட்டாலும் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத்தான் பேசுவார். தெருவே கேட்கும்.

அத்தான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றது உனக்குத் தெரியும். மீன் ஏற்றுமதிக் கம்பெனியின் குளிர்க் கிடங்கில் மெஷினோடு மெஷினாக இருந்த மனிதர். வீட்டில் உட்கார்ந்ததும் ஒரு ஆசை பிடித்துக்கொண்டது. "இத்தனை வருஷமா ஐஸ்ல செத்துக் கிடக்கிற மீனையே பார்த்தாச்சு. இனிமே நீந்துற மீனைப் பார்த்துக்கிட்டே டீ குடிக்கணும்" என்கிறார். நானும் முதலில் சிரித்தேன். மேசை மேல் வைக்கிற தொட்டி என்று நினைத்தேன். இது அது இல்லை. ஆறடி நீளம், இரண்டரை அடி அகலம், இரண்டரை அடி உயரம். கடல் மீன், கடல் பாறை, கடல் மணல். மாடி ஹாலில் சுவர் ஓரமாகக்கூட இல்லை, நட்டநடுவில். இரண்டு பக்கமிருந்தும் பார்க்க வேண்டுமாம்.

இடத்தைக் குறிக்கத் தரையில் நீல டேப் ஒட்டியிருக்கிறார். பெருக்கும்போதுகூட அந்தக் கோட்டுக்குள் கால் வைக்க எனக்கு மனம் வருவதில்லை. சுற்றிக்கொண்டு போகிறேன். "அங்க இன்னும் தண்ணியே இல்ல, நீ ஏன் கரையோரமா நடக்கிற?" என்று கேலி செய்கிறார்.

தொட்டிக்காரர் ஒருவர் வருகிறார். நல்ல மனிதர்தான், பேச ஆரம்பித்தால் நிறுத்துவதில்லை. குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றக் கூடாதாம். மெஷினில் சுத்தம் செய்த தண்ணீரில், அளந்து உப்பு கலக்க வேண்டுமாம். பெரிய தொட்டிக்கு அடியில் இன்னொரு தொட்டி, அதில் அழுக்கை நுரையாகப் பிரித்து எடுக்கிற குழாய், தண்ணீரைக் குளிர வைக்க ஒரு பெட்டி, கரண்ட் போனால் காற்று விட ஒரு பேட்டரி. எல்லாம் வைத்து முடித்த பிறகும் மீன் விடக் கூடாதாம். மாதக்கணக்கில் வெறும் தண்ணீரை ஓடவிட்டு, அது பழகிய பிறகுதான் முதல் மீன். இவ்வளவு பொறுமை உன் அத்தானிடம் எங்கே ஒளிந்திருந்தது என்று தெரியவில்லை. பிள்ளை பிறக்கப்போகிற வீடு மாதிரி ஒவ்வொன்றாக வாங்கி அடுக்குகிறார். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் நான் கணக்குப் போடாமல் இருக்க மாட்டேன் என்பது உனக்குத் தெரியும். பள்ளிக்கூடம் பாதியில் நின்றாலும் வீட்டுக்கு வருகிற உப்பையும் பருப்பையும் நிறுத்துப் பார்த்துத்தான் உள்ளே எடுத்து வைக்கிறேன். தண்ணீரையும் நிறுத்துப் பார்த்தேன். ஒரு வாளியை நிறுத்தேன், அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு எத்தனை வாளி பிடிக்கும் என்று பெருக்கினேன். தண்ணீர் மட்டுமே ஒரு டன்னைத் தாண்டுகிறது. அத்தான் தன் கணக்கில் அதோடு நிறுத்திவிட்டார். பாறைக்கு எடை போடவே இல்லை. கேட்டால், "தண்ணிக்குள்ள போனா கல்லு லேசாயிடும்டி. கிணத்துல வாளி இழுத்ததில்லையா நீ?" என்கிறார்.

அவர் வெளியே போனதும் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்தேன். இஞ்சி தட்டுகிற கல்லை நூலில் கட்டி மெதுவாக உள்ளே இறக்கி, அடியில் உட்கார வைத்தேன். முள் கல்லின் முழு எடைக்கும் ஏறி நின்றது. கல் லேசாவது தூக்குகிறவன் கைக்குத்தான் தம்பி, தாங்குகிறவனுக்கு இல்லை. பாறை, மணல், கண்ணாடி, இரும்பு ஸ்டாண்டு, அடித்தொட்டி எல்லாவற்றையும் கூட்டினேன். இரண்டு டன்னுக்குப் பக்கத்தில் வருகிறது. இரண்டு காரை ஒன்றன்மேல் ஒன்றாக ஹால் நடுவில் ஏற்றி வைத்த மாதிரி.

அவரிடம் சொன்னேன். "நீ தனியா ஒரு கணக்காபீஸே நடத்தலாம்" என்று சிரித்தார். பிறகு சொன்னார்: "யார் கட்டின மாடி இது? என் மச்சான் முதன்முதலா கான்ட்ராக்ட் எடுத்துக் கட்டினது. யானையைக் கொண்டுவந்து கட்டலாம்." தொட்டிக்காரர் கேட்டபோதும் இதையேதான் சொன்னார். உன் பேச்சை எடுத்தால் அவர் குரலே மாறிவிடும். அது உனக்கும் தெரியும்.

இனி நான் சொல்ல வந்தது.

கழிவு உப்புத் தண்ணீரைக் கீழே இறக்க ஹால் தரையில் குழாய்த் துளை போட பிளம்பர் வந்தார். முதல் துளை இடம் தப்பிவிட்டது. இரண்டாவது குழாய் வளைவுக்கு ஒத்து வரவில்லை. மூன்றாவதுதான் சரியாக அமைந்தது. மூன்றும் மளமளவென்று இறங்கின. பிளம்பருக்கு ஒரே குஷி. "அக்கா, மத்த வீட்டுல ஒரு துளை போடுறதுக்குள்ள கம்பியில மாட்டி என் பிளேடு பாதி தேஞ்சிடும். உங்க தரைக்கு ரொம்ப நல்ல மனசு, எதையும் தடுக்கல" என்றார். அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். கூலி வாங்கிக்கொண்டு போய்விட்டார். நான் உட்கார்ந்து, வெட்டி எடுத்த கான்கிரீட் உருளைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். ஒன்றிலும் கம்பி அறுந்த அடையாளம் இல்லை. அதில் ஒன்றைக் கழுவித் துடைத்து மேசையில் வைத்திருக்கிறார் அத்தான். வருகிறவர்களிடம் "மச்சானோட கைவேலை" என்று காட்டுகிறார்.

அந்த ஹாலுக்கு நேர் கீழே என் மாமனாரின் அறை. துளை போட்டபோது சிமெண்டுத் தூள் அவர் போர்வையில் கொட்டியது. மேலே பார்த்துவிட்டு, "மருமகளே, மழை ஆரம்பிச்சிடுச்சு. மீன் எப்ப விழும்?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நான் போர்வையை உதறுகிற சாக்கில் வாசலுக்கு வந்துவிட்டேன்.

கட்டிலை வேறு பக்கம் போடலாம் என்றால் விட மாட்டேன் என்கிறார். அங்கிருந்துதான் தெரு தெரிகிறதாம், பாத்ரூமும் நாலடி. இடுப்பு விழுந்த மனிதரை நான் எங்கே கொண்டு போவேன்?

அந்தத் தரைக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் நீ. இன்னொருவர் மேலே இருக்கிற சாமி. அவரிடம் தினமும் கேட்கிறேன், பதில் சொல்வதில்லை. நீ சொல்லு. கம்பி இருக்கிறது, துளைகள்தான் தற்செயலாக நடுவில் இறங்கிவிட்டன என்று நீ எழுதினால், அந்தக் கடிதத்தைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவேன்.

பிள்ளைகளுக்கு என் முத்தம்.

உன் அக்கா


அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. அங்கே வெயில் அதிகம் என்றும், பெரியவள் ஓட்டப் பந்தயத்தில் பரிசு வாங்கினாள் என்றும், உன்னை மேற்பார்வையாளராக உயர்த்தியிருக்கிறார்கள் என்றும் எழுதியிருந்தாய். சந்தோஷம். அத்தான் அதை இரண்டு முறை உரக்கப் படித்தார். நான் பிறகு தனியாக, பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்துப் படித்தேன். நான் கேட்டதற்கு ஒரு வரிகூட இல்லை. உறையைக்கூட உதறிப் பார்த்தேன்.

அதனால் எனக்குப் பதில் கிடைத்துவிட்டது தம்பி.

கோபத்தில் எழுதவில்லை. பயத்தில் எழுதுகிறேன். கண்ணாடித் தொட்டி வந்துவிட்டது. ஆறு பேர் பட்டை போட்டுத் தூக்கி மாடிக்கு ஏற்றினார்கள். ஒவ்வொரு படிக்கும் அவர்கள் "மெல்ல, மெல்ல" என்றபோது நான் அதையே ஜெபமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். நீல டேப்புக்குள் ஸ்டாண்டு, அதன்மேல் தொட்டி. அத்தான் ஒரு குழந்தையைப் போல மறுபக்கம் போய்க் கண்ணாடி வழியாக எனக்குக் கையாட்டினார். நானும் ஆட்டினேன்.

அதற்கு மறுநாளிலிருந்து கீழே மாமனாரின் அறைக் கதவு நிலையில் பிடிக்கிறது. தள்ளித்தான் சாத்த வேண்டியிருக்கிறது. மழையில் மரம் ஊதியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். மழை பெய்து நாளாகிறது.

இப்போது தண்ணீர் நிறைந்துகொண்டிருக்கிறது. சுத்தம் செய்கிற மெஷினிலிருந்து வருவது விரல் தடிமன்கூட இல்லை, நூல் மாதிரி ஒழுகுகிறது. நிறைய ஒரு வாரம் ஆகும் என்கிறார்கள். அந்த மெஷின் நல்லா இருக்க வேண்டும், அதன் புண்ணியத்தில்தான் உனக்கு எழுத நேரம் கிடைத்திருக்கிறது. அத்தான் குளிக்கப் போனால் நான் குழாயைத் திருகி மூடிவிடுகிறேன். அவர் வந்து, "என்ன இது, சொட்டக் காணோம்?" என்று திறக்கிறார். கடைக்குப் போனால் மறுபடியும் மூடுகிறேன். தொட்டிக்காரருக்குப் போன் போட்டு, "உங்க மெஷின் என் மாமியார் மாதிரி, நெனச்சா வேலை செய்யுது, நெனச்சா இல்ல" என்று சண்டை போடுகிறார். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவருக்குத் தெரியாமல் நான் செய்கிற ஒரே காரியம் இதுதான். ஆண்டவன் மன்னிப்பான் என்று நினைக்கிறேன். இப்போது தண்ணீர் ஒரு சாண் நிற்கிறது.

என் இடுப்பு வலிக்குக் கீழ்த்தரை குளிர்ச்சியாக இருக்கிறது என்று சொல்லி, மாமாவின் கட்டிலுக்குப் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுக்கிறேன். அவர் நன்றாகக் குறட்டை விடுகிறார். நான் மேலே பார்த்துக்கொண்டு கிடக்கிறேன். மாடியில் அத்தான் நடக்கும் ஒவ்வொரு அடியும் கேட்கிறது. தொட்டி பக்கம் வருகிறார், நிற்கிறார், திரும்புகிறார். அவருக்கும் தூக்கம் வரவில்லை. அவருக்கு அது ஆசையில் வராத தூக்கம்.

அந்த மாடி வேலையை உன்னிடம் கொடுக்கச் சொல்லி நின்றவள் நான். அந்த வருஷம் உனக்கு எத்தனை பக்கத்திலிருந்து இடி விழுந்தது என்றும் பார்த்தவள். கம்பியை ஏன் குறைத்தாய் என்று நான் கேட்கவே இல்லை, இனியும் கேட்க மாட்டேன். இத்தனை வருஷம் அந்த ஹாலில் ஒரு சோபாவும் நாங்கள் இருவரும்தானே இருந்தோம். நீயும் அதை நினைத்துத்தான் மனதைத் தேற்றியிருப்பாய். கடல் வந்து ஏறும் என்று யார் கண்டது?

நாளை மறுநாள் காலை வரை பார்ப்பேன். அதற்கு மேல் குழாயை என்னால் மூடி மூடி வைக்க முடியாது. நானே அவரிடம் சொல்லிவிடுவேன். மாமாவை வைத்துக்கொண்டு நான் விளையாட முடியாது. ஆனால் நான் சொன்னால் அது உன்னைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும். நீயே சொன்னால் அது வேறு. கூரியர்காரர் நாளைக்குள் உன் கையில் சேரும் என்று சத்தியம் செய்திருக்கிறார். படித்த உடனே அத்தானைக் கூப்பிடு. ஸ்பீக்கரில்தான் இருக்கும், பரவாயில்லை, நானும் பக்கத்தில் நிற்பேன். சுற்றி வளைக்காதே. தண்ணீரை நிறுத்துங்கள் என்று முதலில் சொல்லிவிடு. காரணத்தைப் பிறகு சொல்லு. கத்துவார். போனை வைத்துவிடாதே, லைன் போகவும் விடாதே. கத்தி முடித்த பிறகு அவர் மௌனமாக இருப்பார். கத்தலைவிட அது கஷ்டமாக இருக்கும். அதையும் கேட்டுக்கொண்டு நில்லு. வீட்டின் முன்பக்கம் கீழே கார் நிறுத்தக் கட்டிய இடம் சும்மா கிடக்கிறது. மண்மேல் போட்ட தரை. கடல் அங்கே இருந்தால் என்ன, மாமாவும் சேர்ந்து பார்ப்பார் என்று நான் மெதுவாகப் பேச்சை எடுப்பேன். அதை என்னிடம் விட்டுவிடு.

நீ சின்ன வயதில் எதையாவது உடைத்துவிட்டால், அப்பா வருவதற்கு முன்னால் என் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பாய். இன்றைக்கும் நான் நிற்கிறேன். ஆனால் இந்த முறை நீ முன்னால் வா கண்ணா.

மேற்பார்வையாளன் ஆகியிருக்கிறாய். எத்தனையோ மாடிகள் உன் கையெழுத்தில் எழும்பும். அவற்றின் கீழே கட்டில் போட்டுப் படுக்கப்போகிற முன்பின் தெரியாத அத்தனை பேரும் மேலே பார்க்காமல் தூங்கி எழ வேண்டும் என்று இன்றிலிருந்து உனக்காகச் சேர்த்துக் கும்பிடுகிறேன்.

உன்னையே எதிர்பார்த்திருக்கும்
அக்கா