பின்னறைக் கதவு தொறந்துருச்சு

ஏனுங்க மாமா,

இந்தப் பழைய ஊட்ட வாங்குனதுலருந்து ரெண்டு மாசமா நாம தள்ளியும் அசையாத பின்னறைக் கதவு இன்னிக்குக் காலைல தொறந்துருச்சு. நான் ஒருத்தியே தொறந்தேன். கெணத்து மோட்டார் ஓடுனப்பவும் சமையக்கட்டு ஒழுகல் நின்னப்பவும் கிண்டுன மாதிரியே ஒடனே கேசரி கிண்டுனேன்.

அடுப்ப நிறுத்தறதுக்குள்ள கொத்தனார் கந்தண்ணன் வந்தாரு. அந்த ரூமு விட்டத்துல ஸ்க்ரூடிரைவர வெச்சுக் குத்துனாரு. கைப்பிடி வரைக்கும் உள்ள போயிருச்சு. “முச்சூடும் கரையான் அம்மணி. இனி யாரும் இந்த ஊட்டுக்குள்ள படுக்க வேண்டாம்”னாரு. எனக்கு அழுகைகூட வரல.

பாப்பாவக் கூட்டிக்கிட்டுச் சூரமங்கலத்துல எங்கம்மா ஊட்டுக்குப் போறேன். சாவியையும் இந்தச் சீட்டையும் பக்கத்தூட்டு செல்லாயி அக்காகிட்டக் குடுத்திருக்கேன். துணிமணிய மட்டும் எடுத்துக்கிட்டு நீங்களும் வந்துருங்க. பின்னறைக்குள்ள காலு வெக்காதீங்க.

பிரியா

கேசரி சமையக்கட்டுலயே இருக்குது. நாங்க யாரும் தொடல. எறும்பு ஏறியிருந்தாக் கொட்டிருங்க.

இன்னொண்ணு. நேத்துச் சாப்பிடறப்ப, “இந்த ஊட்ட வித்துப்போடலாம் பிரியா”ன்னீங்க. நான் தட்ட நகத்தி வெச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டேன். இன்னிக்குக் கேட்டீங்கன்னா சரின்னு சொல்லிருவேன்.

கேட்டுராதீங்க மாமா.