பல்லிலிருந்து எழும் சர்வாதிகாரியும் என் முகமும்

அனுப்புநர்:
விலங்கியல் இணைப் பேராசிரியர்,
கலை அறிவியல் கல்லூரி.

பெறுநர்:
தணிக்கை அலுவலர் அவர்கள்,
திரைப்படத் தணிக்கை அலுவலகம்.

பொருள்: என் முகத்தோடு தோன்றிப் பொய்ச் சான்று அளிக்கும் காட்சியைப் படத்திலிருந்து நீக்கவும், நேற்றைய விசாரணை முடிவை எழுத்தில் வழங்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இறந்துபோன சர்வாதிகாரி ஒருவரை அவருடைய கடைவாய்ப் பல்லிலிருந்து நகலெடுத்து எழுப்பும் திகில் படம் இப்போது திரையரங்குகளில் ஓடுகிறது. அதன் இயக்குநர் என் தம்பி. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர் நாங்கள். பெற்றவளே குரலைக் கேட்டுத்தான் ஆள் சொல்வாள்.

2. கதை எழுதும்போது என்னிடம் ஆலோசனை கேட்டார். பழைய பல்லில் உயிருள்ள செல் இருக்காது, மரபணுவும் துண்டு துண்டாகச் சிதைந்திருக்கும் என்றேன். நகலெடுக்கவே முடிந்தாலும், கண்ணாடித் தொட்டியிலிருந்து மீசையும் இராணுவ உடுப்புமாக ஆள் எழுந்து வர மாட்டார்; ஒரு தாய் சுமந்து பெற வேண்டும். பிறப்பது குழந்தை. பழைய மேடைப் பேச்சில் ஒரு வரிகூட அதற்குத் தெரியாது; நல்ல வீட்டில் வளர்ந்தால் தபால்காரராகவும் ஆகலாம். இவ்வளவும் விளக்கினேன். "அண்ணா, வில்லன் தொட்டில்ல கெடந்து பாலுக்கு அழுதா, டிக்கெட் வாங்கினவன் என்னைச் சும்மா விடுவானா?" என்று சிரித்தார். அதன்பின் அழைக்கவில்லை.

3. படம் வெளிவந்தது. தொடக்கத்திலேயே ஒரு வெள்ளை மேலங்கி. அதற்குள் என் முகம். கீழே என் பெயரும் பதவியும். நுண்ணோக்கியில் கண் வைத்து, "ஒரு பல் போதும், ஆளையே கொண்டுவரலாம்" என்கிறது அம்முகம். நடித்தவர் தம்பி. நான் வகுப்பில் நுழைந்தால் கடைசி வரிசை, "சார், தாத்தாவோட பல்செட் இருக்கு, ஏதாச்சும் தேறுமா?" என்கிறது. எனக்கு வரவேண்டிய துறைத் தலைவர் பதவியை நிர்வாகம் நிறுத்திவைத்து விளக்கம் கேட்டிருக்கிறது.

4. நேற்று தங்கள் அறையில், படத்தில் இருப்பது அண்ணன்தான் என்று தம்பி கூசாமல் சாதித்தார். நான் வாதாடவில்லை. என் நுண்ணோக்கியை மேசைமேல் வைத்தேன். தம்பியைப் பார்க்கச் சொன்னீர்கள். படத்தில் போலவே ஒரு கண்ணை இறுக மூடிக் குனிந்து, "நல்லாத் தெரியுது சார், செல்லு துடிக்குது" என்றார். அதன் விளக்கை நான் போடவே இல்லை; உள்ளே வெறும் இருட்டுதான். படத்திலும் அது எரியவில்லை என்பதைத் திரையில் காட்டினேன். தேநீர் கொண்டுவந்த ஊழியர் உட்பட அறையே சிரித்தது.

5. ஒரே மரபணு, ஒரே வீடு, ஒரே பள்ளி மேசை. அப்படியிருந்தும் நுண்ணோக்கிக்கு விளக்கு வேண்டும் என்பது அவருக்கு ஏறவில்லை. சர்வாதிகாரியின் நகலுக்கு மட்டும் ஆட்சி நடத்த எப்படி வரும்? இதைவிடத் தெளிவான ஆய்வை எந்தக் கூடத்திலும் நான் செய்து காட்டியதில்லை.

6. ஆகவே அக்காட்சியை எல்லாத் திரையரங்குகளிலும் நீக்க ஆணையிட்டு, துடிக்கும் செல்லைப் பற்றித் தம்பி தந்த வாக்குமூலத்தை அவர் சொன்ன சொல் மாறாமல் சேர்த்து, ஒரு நகலை எங்கள் கல்லூரிக்கு அனுப்பப் பணிவுடன் வேண்டுகிறேன். சற்று விரைவாகச் செய்தால் உதவியாக இருக்கும். தம்பியை மன்னித்துவிடும்படி அம்மா தினமும் தொலைபேசியில் அழுகிறாள். மன்னிப்பதாகவே இருக்கிறேன், ஆணை கைக்கு வந்த பிறகு.

இடம்: ஆசிரியர் குடியிருப்பு
நாள்: மார்ச் 14

தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)
விலங்கியல் இணைப் பேராசிரியர்