விசில் ஏறும் இடம்

நேற்று மாலை எங்கள் குடியிருப்பில் மின்சாரம் போய்த் திரும்பி வந்தது. டிரான்ஸ்பார்மரில் ஏதோ வேலை என்றார்கள். மின்விசிறி சுழலத் தொடங்கியது, பிரிட்ஜ் ஒருமுறை உதறிக்கொண்டது. அதற்குப் பிறகு கூடத்தில், ஜன்னலோர மேசையில், உன் குட்டி ரயில் இன்ஜின் இருமியது. நான் சுவிட்சை அணைக்க மறந்திருக்கிறேன். தண்டவாளத்தில் மின்சாரம் பாய்ந்ததும் அதற்குள்ளிருந்து சத்தம் கொடுக்கும் டிகோடர் விழித்துக்கொண்டது. முதலில் அந்த இருமல், பிறகு சில திணறல்கள், பிறகு நிதானமான கனத்த தடதடப்பு.

அடுப்படியில் தோசை வார்த்துக்கொண்டிருந்த என் மனைவி சுமதி கரண்டியோடு வாசலுக்கு வந்தாள்.

"அண்ணன் வந்துட்டாவளா?" என்றாள்.

கேட்ட பிறகுதான் என் முகத்தைப் பார்த்தாள். உள்ளே திரும்பினாள். தோசை தீய்ந்த வாசனை வந்தது. நீ போன பிறகு ஒரு மழைக்காலம் முழுதாக முடிந்துவிட்டது; ஆனாலும் அந்தச் சத்தம் கேட்டால் எங்கள் வீட்டில் உனக்கும் சேர்த்து டீ வைக்கத்தான் கை போகிறது. நான் வெகுநேரம் இன்ஜினை அணைக்கவில்லை. வாசல்படியில் செருப்பைக் கழற்றிவிட்டு நீ உள்ளே வர எவ்வளவு நேரமாகுமோ, அதைவிட அதிக நேரம் நின்றுகொண்டிருந்தேன்.

நாம் முதன்முதலில் பார்த்துக்கொண்டதே ஒரு ரயிலைத் தவறவிட்டுத்தான். அப்போது நான் திருநெல்வேலியிலிருந்து வந்து வெள்ளானூரில் இந்த வீட்டை வாங்கிய புதிது. அம்பத்தூரில் கணினி வேலை. ஆவடி நிலையத்தில் எனக்கான மின்ரயில் வந்து நின்றது, நான் ஏறவில்லை. அடுத்த தடத்தில் ஒரு பழைய டீசல் இன்ஜின் சரக்குப் பெட்டிகளோடு நின்று புகைந்துகொண்டிருந்தது. ரயில் போன பிறகு பார்த்தால், பிளாட்பாரத்தில் என்னைப்போல் ஏறாமல் இன்னொருவனும் நிற்கிறான்.

"இன்னா மச்சான், நீயும் இத்தத்தான் பாத்துகினு கீறியா?"

முன்பின் தெரியாதவனை மச்சான் என்று கூப்பிடும் ஊருக்கு வந்திருக்கிறோம் என்று அன்றுதான் எனக்கு உறைத்தது. நீ முத்தாபுதுப்பேட்டைக்காரன். இரண்டு வேன்களில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தாய். அண்ணன் தம்பிகள் எல்லாரும் ஒன்றாக இருந்த உன் வீட்டில் ஒரு மேசை போட இடமில்லை. என் வீட்டுக் கூடத்தில் இருந்தது. அப்படித்தான் நம் சின்ன ரயில்பாதை இங்கே வந்து சேர்ந்தது. பிளைவுட் பலகை, அதன்மேல் தண்டவாளம், ஒரு பிளாட்பாரம், ஒரு கை பம்பு. ஞாயிற்றுக்கிழமை காலை நீ வந்தால் மதியச் சாப்பாடு நம் இரண்டு பேருக்கும் அந்த மேசையோரத்தில்தான்.

உள்ளங்கையில் அடங்கிவிடும் அந்த டீசல் இன்ஜினை நாம் வாங்கியபோது அதற்கு வாய் இல்லை. ஓடும், நிற்கும், அவ்வளவுதான். ஒலி எழுப்புகிற டிகோடர் ஒன்றை உள்ளே வைக்க வேண்டும் என்று தொடங்கிய பேச்சு ஒரு வருடத்துக்குமேல் ஓடியது. தபால்தலை அளவில் ஒரு மின்சுற்று அட்டை, அதோடு சர்க்கரைக் கட்டி போல ஒரு ஸ்பீக்கர். கட்டளையைப் படித்து மோட்டாரையும் ஓட்டும், அதற்கேற்ற சத்தத்தையும் கொடுக்கும். வெளிநாட்டில் ஒலிகளைப் பதிந்தே விற்கிற டிகோடர்கள் கிடைத்தன. நம்மூர்ப் பழைய டீசலும் அமெரிக்க வம்சம்தான் என்பதால் அந்தத் தடதடப்பு நமக்கும் பொருந்தும் என்றேன். நீ என் மடிக்கணினியில் அதன் ஒலியை ஒருமுறை கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினாய்.

"இதுல விசில் எகிறிகினு போவுது மச்சான். நம்ம வண்டி அப்டி போவாது. மொதல்ல யோசிக்கும்."

நீ சொன்னது ஊதுகிற ஹாரனை அல்ல. பழைய டீசல் கிளம்பும்போது தடதடப்புக்கு மேலே இழைபோல ஒரு விசில் எழுமே, இன்ஜினுக்குள் காற்றை அடைக்கும் டர்போவின் விசில், அதை. எனக்கு அதுவரை அது காதில் விழுந்ததே இல்லை. நீ சொல்லிய பிறகு விழாமல் இருந்ததில்லை. "அது இல்லேன்னா கல்யாண மண்டபத்து ஜெனரேட்டர்தான்" என்பாய். ஒலி எதுவும் இல்லாத வெற்று டிகோடர் ஒன்றை வாங்கி, நாமே பதிவு செய்து ஏற்றிக்கொள்ளலாம் என்பது உன் கட்சி. ஆயத்தமாக வருவதை வாங்கி மாட்டி முடிப்போம் என்பது என் கட்சி. ஒருவரும் இறங்கி வரவில்லை. கடைசியில் இரண்டையுமே வாங்கினோம். வாங்கிய பிறகும் எதை உள்ளே வைப்பது என்று முடிவாகாமல் இரண்டும் டப்பாவிலேயே கிடந்தன. அவசரம் என்ன இருந்தது நமக்கு?

பிறகு உன் கழுத்தில் அந்தக் கட்டி வந்தது.

மருத்துவமனையிலிருந்து நேராக நீயும் உன் மனைவி தேவகியும் இங்கேதான் வந்தீர்கள். அன்று ஞாயிற்றுக்கிழமை இல்லை. தேவகி சோபாவின் நுனியில் உட்கார்ந்தாள். அழுது முடித்த முகம்.

"டாக்டரு கழுத்தப் பத்திப் பேசிகினு கீறாருண்ணா. இவரு காதப் பத்தியே கேட்டுகினு கீறாரு."

"மருந்து ஏத்துனா காது மந்தமாவலாம்னு அவருதான சொன்னாரு?" என்றாய் நீ. "விசிலு மாதிரி மேல் சத்தம்லாம் மொதல்ல போவுமாம். எப்போ போவும்னு கேட்டேன். அதுல இன்னா தப்பு?" பிறகு என் பக்கம் திரும்பி, வேன் கிளப்பும் நேரத்தைச் சொல்வதுபோலச் சொன்னாய்: "டிகோடர முடிச்சிடணும் மச்சான். சீக்கிரம்."

முதல் மருந்து ஏற்றுவதற்கு முந்தைய வாரம் அந்த டீசல்களைத் தேடி அலைந்தோம். எங்கும் மின்சார இன்ஜின்கள். ஒரு காலையில் பட்டாபிராம் தாண்டி ஒரு லெவல் கிராசிங்கில் மாட்டியது. கேட் மூடியிருந்தது. சிக்னலுக்காக ஒரு பழைய டீசல் காலிப் பெட்டிகளோடு நின்றுகொண்டிருந்தது. நீ வண்டியிலிருந்து குதித்துக் கேட்டோரம் ஓடினாய், மைக்கை நீட்டிக்கொண்டு நான் உன் பின்னால். நமக்குப் பின்னால் லாரி, ஷேர் ஆட்டோ, பைக்குகள். எல்லாரும் ஹாரன் அடிக்கிறார்கள். நீ திரும்பி இரண்டு கைகளையும் கூப்பினாய்.

"அண்ணாத்தே, நைனா, ரெண்டே நிமிசம்! ஆரன் அடிக்காதீங்கோ! இது போனா வேற கெடைக்காது!"

என்ன புரிந்ததோ, அடங்கினார்கள். ஒரே ஒரு பைக்காரன் மட்டும் வீம்புக்கு ஒருமுறை அடித்துவிட்டு நிறுத்தினான். சிக்னல் விழுந்தது. இன்ஜின் உறுமிக் கரும்புகையைத் தள்ளியது. நீ கண்ணை மூடிக்கொண்டாய். பெட்டிகள் ஒவ்வொன்றாக இழுபட்டு நகர, அந்த விசில் தயங்கி, எழுந்து, மேலே மேலே போயிற்று. வண்டி கண்ணிலிருந்து மறைந்து கேட் திறந்து, பின்னால் இருந்தவர்கள் நம்மை உரசிக்கொண்டு போன பிறகும் நீ கண்ணைத் திறக்கவில்லை.

"புட்சியா மச்சான்?" என்றாய் கடைசியில்.

"பிடிச்சிட்டேன்."

நீ அதைக் கேட்டது அதுதான் கடைசி. நம் இருவருக்கும் அப்போது அது தெரியாது. அல்லது உனக்குத் தெரிந்திருந்தது.

பதிவைத் துண்டுதுண்டாக வெட்டி, வேகத்துக்கு ஒன்றாகப் பிரித்து, வெற்று டிகோடரில் ஏற்ற எனக்குச் சில வாரங்கள் ஆயின. அதற்குள் இரண்டாவது முறையும் உனக்கு மருந்து ஏற்றிவிட்டார்கள். நீ வந்தபோது சட்டை தோளில் தொங்கியது. தொப்பி போட்டிருந்தாய். ஒரே இன்ஜினில் முதலில் வெளிநாட்டு டிகோடரை மாட்டி ஓட்டினேன், பிறகு நம்முடையதை. நீ காதை மேசைவரை கொண்டுவந்து கேட்டாய். இரண்டாவது ஓடி முடிந்ததும் நிமிர்ந்தாய்.

"விசில் கீதா?"

"இருக்கு."

"ரெண்டுலயுமா?"

நான் இன்ஜினைத் துடைக்கத் தொடங்கினேன்.

"டகுல் உடாத மச்சான். எனுக்கு ரெண்டுலயும் கேக்கல. நீ கேட்டத அப்டியே சொல்லு."

சொன்னேன். வெளிநாட்டு விசில் சுத்தமாக இருக்கிறது, ஆனால் நீ அன்று சொன்னதுபோல எடுத்த எடுப்பிலேயே எகிறிவிடுகிறது. நம்முடையது கொஞ்சம் மங்கல், நடுவில் அந்தப் பைக்காரனின் ஹாரன் வேறு கேட்கிறது. தேவகி குறுக்கே வந்தாள். விசிலை விட்டுவிட்டு அடிச்சத்தத்தை மட்டும் கூட்டி வைத்தால் உனக்கு நன்றாகக் கேட்குமே, உனக்குக் கேட்பதை வைத்தால் என்ன என்றாள். அது எனக்கும் நியாயமாகப் பட்டது. மேசை, இன்ஜின், டிகோடர் எல்லாம் யாருக்காக?

நீ தலையாட்டினாய். "என் காதுக்கு வெச்சா பாதி இன்ஜின்தான் வரும். முழுசா வெய்யி. நம்முளுதே வெய்யி."

"அந்த ஹாரன வெட்டிடட்டுமா?"

"வாணாம். அவன் இர்ந்துட்டுப் போட்டும்."

விசில் எந்த வேகத்தில் தொடங்க வேண்டும், எவ்வளவு மெல்ல ஏற வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பதெல்லாம் டிகோடரில் நாம் வைக்கிற அளவுகள். எனக்கு அந்தக் கணக்கு தெரியும். ஏறும் இடம் தெரியாது. உனக்கு இடம் தெரியும், காது இல்லை. வாயால் விசிலடித்துக் காட்டப் பார்த்தாய். கதிர்வீச்சுச் சிகிச்சையில் வாய் வறண்டுபோய் வெறும் காற்றுதான் வந்தது. அப்புறம் நீ ஆள்காட்டி விரலை மேசைமேல் வைத்தாய். நான் இன்ஜினை நகர்த்தினேன். அது நகர்ந்து வெகுநேரம் உன் விரல் அசையவே இல்லை. பிறகு கொஞ்சம் எழுந்தது. தயங்கியது. அப்புறம் நெற்றிவரை ஏறி அங்கே நின்றது. நான் அளவை மாற்றினேன், மறுபடி ஓட்டினேன், மறுபடி உன் விரல். சாப்பாட்டுக்குச் சுமதி கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்தாள். விசிலும் விரலும் ஒன்றாக ஏறிய அந்த ஒரு முறையில் என் உடம்பெல்லாம் சிலிர்த்தது. உனக்கு அது தெரியவில்லை. "ஆச்சா?" என்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

நீ கடைசியாக வந்தபோது நான் பேசுவதும் உனக்குக் கேட்கவில்லை. தேவகி கைத்தாங்கலாக உன்னை நாற்காலியில் உட்கார வைத்தாள். நான் இன்ஜினைக் கிளப்பினேன். நீ அதன் கூரைமேல் இரண்டு விரல்களை வைத்து, "ஓடுது" என்றாய். தொண்டையிலிருந்து காற்றாகத்தான் வந்தது குரல். விரல்களை எடுத்தாய். நான் வேகத்தைக் கூட்டினேன். இன்ஜின் நகர்ந்தது. அப்போது எனக்கு எப்படித் தோன்றியதோ, என் விரலை மேசைமேல் வைத்தேன். விசில் தொடங்கும்வரை அசைக்கவில்லை. தொடங்கியதும் உயர்த்தினேன். அது தயங்கியபோது தயங்கினேன். நீ இன்ஜினைப் பார்க்கவில்லை. என் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அது நெற்றிவரை வந்து நின்றபோது உன் முகம் அந்த லெவல் கிராசிங்கில் இருந்ததுபோல ஆயிற்று. கண்ணை மூடிக்கொண்டாய்.

காரியங்கள் முடிந்த பிறகு இன்ஜினை எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன். தேவகி டப்பாவை வாங்கவில்லை.

"இது ஊட்ல கத்துச்சின்னா நான் அவரத் தேடிகினு வாசலுக்குப் போவேண்ணா. அங்கயே இருக்கட்டும்."

அதனால் வாசலுக்குப் போவது எங்கள் வீட்டின் வேலையாகிவிட்டது.

இதை நேற்றே எழுத உட்கார்ந்தேன். எழுத முடியவில்லை. இன்று காலை அலுவலகத்தில் வருடாந்திர உடல் பரிசோதனைக்காக அம்பத்தூரில் ஒரு பரிசோதனை நிலையத்துக்கு அனுப்பினார்கள். இரத்தம், கண், பிறகு காது. அலமாரி போன்ற ஒரு சின்ன அறைக்குள் உட்கார வைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தாள் அங்கிருந்த பெண். உன்னையும் இப்படி ஓர் அறையில் உட்கார வைத்திருப்பார்கள். நீ என்னிடம் சொன்னதில்லை.

"சத்தம் கேட்டா அமுக்குங்க சார். ரொம்ப லேசா இருந்தாலும் அமுக்கணும்."

கதவை மூடினாள். அப்படி ஓர் அமைதி இந்த ஊரில் வேறெங்கும் இல்லை. சிறிது நேரம் ஒன்றுமில்லை. பிறகு மெல்ல, வெகு தொலைவில், இழைபோல ஒன்று எழுந்தது. அமுக்கினேன். அது தயங்கியது. மறுபடி எழுந்தது. மறுபடி அமுக்கினேன்.

கதவைத் திறந்து அந்தப் பெண் எட்டிப் பார்த்தாள்.

"சார், நான் இன்னும் சவுண்டே குடுக்கலயே? எதுக்கு அமுக்குறீங்க?"

"மன்னிச்சுக்கோங்கம்மா" என்றேன். அவள் சிரித்துவிட்டுக் கதவை மூடினாள். நான் பொத்தானிலிருந்து கட்டை விரலை எடுத்துவிட்டேன். அந்த விசில் ஏறி முடிக்கட்டும் என்று காத்திருந்தேன்.